அட்டையில் ‘இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி’ என்று மட்டும் இருந்தால், அது எந்தக் கட்சி?

ஓலைப்பெட்டி கேட்டது:

வணக்கம். வடமராட்சியில் ஒரு வாசிகசாலைக்கு வந்து சேர்ந்த பழைய அரசியல் பிரசுரங்களைப் பட்டியலிட்டுக்கொண்டிருக்கிறோம். சுமார் 140 உருப்படிகள். துண்டுப்பிரசுரம், சிறுநூல், பத்திரிகை இதழ், மேதின அழைப்பு எல்லாம் கலந்து கிடக்கின்றன. 1950கள் தொடக்கம் 1980கள் வரைக்கும் இருக்கும் என்பது எங்கள் ஊகம்.

சிக்கல் இதுதான். பாதிக்கு மேற்பட்டவற்றில் வெளியீட்டாளர் பெயர் ‘இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி’. சிலவற்றில் ‘யாழ்ப்பாணக் கிளை’ அல்லது ‘வட பிரதேசக் குழு’ என்று கூடுதலாக ஒரு வரி. ஆண்டு பெரும்பாலானவற்றில் இல்லை. எல்லாவற்றையும் 1943இல் தொடங்கிய கட்சியின் கீழ் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினோம். ஆனால் ஒரே கட்டில் இருந்த இரண்டு பிரசுரங்களில் ஒன்று மற்றதைத் ‘திரிபுவாதிகள்’ என்கிறது, மற்றது இதைப் ‘பிளவுவாதிகள்’ என்கிறது. இரண்டின் அடியிலும் அதே கட்சிப் பெயர்.

கட்சி எந்தெந்த ஆண்டில் எப்படி உடைந்தது, உடைந்த துண்டுகள் பின்னர் என்ன பெயர் எடுத்தன, தாளை வைத்தே எது எவருடையது என்று சொல்ல என்ன வழி? தெரிந்தவர்கள் விரிவாகச் சொன்னால் உதவி.

பனங்கூடல் எழுதியது:

இந்தக் குழப்பம் தமிழில்தான் கூட. ஆங்கிலப் பிரசுரம் என்றால் 1972 மே 22க்கு முன் சிலோன், பின் ஸ்ரீ லங்கா என்று நாட்டின் பெயரே காலத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். தமிழில் அன்றும் இலங்கை, இன்றும் இலங்கை. அதனால் 1943இன் கட்சி, 1964க்குப் பிந்திய இரண்டு கட்சிகள், 1978இல் வந்த இன்னொன்று எல்லாமே அட்டையில் ஒன்றுபோலத் தெரியும். பெயரைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு வரிசையைப் பிடியுங்கள்.

வேர் லங்கா சமசமாஜக் கட்சி, 1935 டிசம்பர் 18. அதற்குள் ட்ரொட்ஸ்கியின் பக்கம் சாய்ந்தவர்கள் பெரும்பான்மையானார்கள். 1939 முடிவில், மொஸ்கோ வழிநடத்திய உலகக் கம்யூனிஸ்ட் அமைப்பான மூன்றாம் அகிலத்தில் நம்பிக்கை இல்லை என்று தீர்மானம் வந்தது. ஏற்காதவர்கள் 1940இல் வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் அதே ஆண்டு நவம்பரில் ஐக்கிய சோசலிஸ்ட் கட்சி என்று கூடினார்கள். 1943 ஜூலை 3 அன்று அதுவே இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சியானது. டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, பீற்றர் கெனமன், எம். ஜி. மென்டிஸ், அ. வைத்திலிங்கம், பொன். கந்தையா ஆகியோர் முன்னணியில். இளம் முழுநேர ஊழியர்களாக என். சண்முகதாசனும் மு. கார்த்திகேசனும். வடக்கில் கட்சி காலூன்றியதில் கார்த்திகேசனின் பங்கு மிகப் பெரியது. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் படிப்பித்துக்கொண்டே ஒரு தலைமுறையை இந்தப் பக்கம் இழுத்தவர் அவர்.

1943 முதல் 1963 வரை கட்சி ஒன்றுதான். அந்தக் காலத்துத் தாளில் மூன்று அடையாளம் பார்க்கலாம். தமிழ் வார இதழ் ‘தேசாபிமானி’. தேர்தல் சின்னம் நட்சத்திரம். 1956 என்றால் பருத்தித்துறைத் தொகுதியும் பொன். கந்தையாவும். வடக்கில் கட்சி தேர்தலில் வென்ற ஒரே ஆசனம் அது. தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராக அந்த ஆண்டு கட்சி வாக்களித்ததும் இந்தக் காலத்துக்கு உரியது. கந்தையா 1960இல் காலமானார். அவரை உயிரோடிருப்பவராகப் பேசும் எந்தப் பிரசுரமும் அதற்கு முந்தியது.

உடைவு 1963 இறுதிக்கும் 1964 தொடக்கத்துக்கும் இடையில். 1963 ஜூன் 14இல் சீனக் கட்சி சோவியத் கட்சிக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்துக்குப் பின் உலகம் முழுக்கக் கட்சிகள் இரண்டுபட்டன. இங்கே விக்கிரமசிங்கவும் கெனமனும் மொஸ்கோ பக்கம், சண்முகதாசன் பீக்கிங் பக்கம். 1964இல் இரு தரப்பும் தனித்தனியே ‘ஏழாவது மாநாடு’ கூட்டின. இரண்டுக்கும் ஒரே எண். ஏனென்றால் இருவருமே தாங்கள்தான் பழைய கட்சி என்றார்கள். ‘ஏழாவது மாநாட்டுத் தீர்மானம்’ என்று ஒரு சிறுநூல் உங்கள் கட்டில் இருந்தால் தலைப்பை வைத்து முடிவு கட்டாதீர்கள். உள்ளே அன்றைய சோவியத் தலைவர் குருஷேவைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

அதற்குப் பிறகு பத்திரிகைப் பெயர்தான் நல்ல சாவி. ‘தேசாபிமானி’ மொஸ்கோ சார்பிடம் இருந்தது. சீன சார்பின் தமிழ்ப் பத்திரிகை ‘தொழிலாளி’, சிங்களத்தில் ‘கம்கருவா’, ஆங்கிலத்தில் ‘ரெட் ஃபிளாக்’. துண்டுப்பிரசுரத்தின் அடியில் எந்தப் பத்திரிகையை வாசிக்கச் சொல்கிறார்கள் என்று பார்த்தாலே முக்கால்வாசி பிரிந்துவிடும்.

தொழிற்சங்கப் பெயரில் மட்டும் கவனம். பழைய சம்மேளனம் சண்முகதாசனிடமே இருந்துவிட்டது. மொஸ்கோ சார்பினர் புதிதாக ஒன்று அமைத்தார்கள். ஆங்கிலத்தில் இரண்டின் பெயரும் சொல் இடம்மாறியவை. தமிழில் இரண்டும் ‘இலங்கைத் தொழிற்சங்க சம்மேளனம்’ என்றே வந்துவிடும். அந்தப் பெயரை மட்டும் ஆதாரமாக எடுக்கவேண்டாம். மலையகத் தாள்களில் ‘செங்கொடிச் சங்கம்’ என்று இருந்தால், 1964க்குப் பிந்தியதென்றால், சீன சார்பு என்று கொள்ளலாம்.

மொஸ்கோ சார்பு: 1968இல் ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி, சமசமாஜக் கட்சியோடு ஐக்கிய முன்னணி. 1970இல் 6 ஆசனம், கெனமன் வீடமைப்பு அமைச்சர். 1977 தேர்தலில் இடதுசாரிகள் ஒருவரும் தெரிவாகவில்லை. இன்றும் ‘இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி’ என்ற பெயரில் இயங்குவது இந்தப் பிரிவே.

சீன சார்பு: 1966இல் ரோகண விஜேவீர வெளியேற்றப்பட்டார். அவருடைய கூட்டமே மக்கள் விடுதலை முன்னணியானது. தன் தொடக்க நாள் என்று அது சொல்வது 1965 மே 14. 1971 ஏப்ரல் கிளர்ச்சிக்கும் சண்முகதாசனுக்கும் தொடர்பில்லை. ஆனாலும் அவரையும் தடுப்புக்காவலில் வைத்தார்கள், கட்சி வேலை முடங்கியது. 1971–72இல் இந்தப் பக்கத்துத் தாள்கள் குறைவாகக் கிடைத்தால் அதற்குக் காரணம் அவசரகாலச் சட்டம்.

1976இல் மாஓ மறைந்தபின் சீனாவில் நடந்த மாற்றங்களை ஒட்டி அடுத்த உடைவு. 1978 ஜூலை 3 அன்று கே. ஏ. சுப்பிரமணியம் பொதுச் செயலாளராக, சி. கா. செந்தில்வேல் முதலானோருடன் ‘இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி (இடது)’. அது 1991இல் ‘புதிய ஜனநாயகக் கட்சி’, 2010இல் ‘புதிய ஜனநாயக மார்க்சிச லெனினிசக் கட்சி’. சண்முகதாசனுடைய கட்சி 1984இல் மாஓவியக் கட்சிகளின் உலகக் கூட்டமைப்பான புரட்சிகர சர்வதேசிய இயக்கத்தில் சேர்ந்தது. அவர் 1993 பெப்ரவரியில் இங்கிலாந்தில், பர்மிங்ஹாமில் காலமானார்.

ஜூலை 3 என்ற நாளைக் கவனித்தீர்களா? 1943இன் நாளையே 1978இலும் தெரிந்தெடுத்தார்கள். ‘கட்சி தின’ அழைப்பிதழ் என்று ஒன்று வந்தால் மூன்று பிரிவில் எதுவும் அதை அடித்திருக்கலாம்.

வல்லைவெளி எழுதியது:

பனங்கூடல் ஐயா சொன்ன வரிசை சரி. ஆனால் வடக்கிலிருந்து வந்த கட்டு என்றால் மொஸ்கோவையும் பீக்கிங்கையும் விடக் கூடுதலாகப் பேசப்பட்டிருக்கப்போவது தேநீர்க் கடையும் கோயில் வாசலும்தான், ஒடுக்கப்பட்ட சாதியாரை அங்கே விடாத தீண்டாமைதான். அதைப் பிடித்தாலும் பிரிக்கலாம்.

1957இன் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் புத்தகத்தில் இருந்தது. கடையிலும் கோயிலிலும் எதுவும் மாறவில்லை. 1966 ஒக்டோபர் 21, வெள்ளிக்கிழமை, சீன சார்புக் கட்சி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் முற்றவெளிக்கு ஊர்வலம் போனது. பொலிஸ் அடித்தது. ஊர்வலம் கலையாமல் போய்ச் சேர்ந்தது. ‘சாதி அமைப்புத் தகரட்டும், சமத்துவ நீதி ஓங்கட்டும்’ என்ற முழக்கம் அந்த நாளின் முழக்கம். பின்னர் வந்த எத்தனையோ தாளின் தலையில் அதைக் காணலாம். இன்றுவரை ‘ஒக்டோபர் 21 எழுச்சி’ என்று அந்த மரபில் வந்தவர்கள் நினைவுகூர்கிறார்கள். இந்தச் சொற்றொடர் இருந்தால் மொஸ்கோ சார்பு அல்ல என்று நம்பிப் போடுங்கள்.

1967இல் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் அமைந்தது. எஸ். ரி. என். நாகரத்தினம் தலைமை. எழுத்தாளர் கே. டானியல் முன்னின்ற அமைப்பாளர்களில் ஒருவர். சங்கானை, சாவகச்சேரி, கொடிகாமம் என்று தேநீர்க் கடைகள், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில், மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோயில். மாவிட்டபுரத்தில் வாசலை மறித்து நின்றவர் முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கம். 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அவர்மீது வழக்கு வந்தது. கோயில் பெயர் தாளில் இருந்தால் ஆண்டு பிடிப்பது சுலபம்.

இந்த இயக்கம் கட்சியின் கிளை அல்ல. கட்சிக்காரர் அல்லாத பலர் அதில் இருந்தார்கள். ஆகவே அதன் பிரசுரங்களைக் கட்சிப் பெயரின் கீழ் போடாமல் தனித் தலைப்புக் கொடுங்கள், கட்சியோடு ‘தொடர்புடையது’ என்று இணைப்புக் கொடுங்கள். இந்தப் பிழை பல பட்டியல்களில் இருக்கிறது. அந்தப் போராட்டத்தில் அடிபட்டவர்களுக்கு அது நியாயம் செய்யாது.

மொஸ்கோ சார்பின் பக்கமும் சாதி ஒழிப்பு வேலை நடந்தது. அவர்களுக்கு நெருக்கமாக இருந்தது அதற்கு மிக முந்திய அமைப்பான சிறுபான்மைத் தமிழர் மகாசபை. அதன் எம். சி. சுப்பிரமணியம் 1970இல் நியமன உறுப்பினராகப் பாராளுமன்றம் போனார்.

இனிப் பெயர்கள். ‘தோழர் சுப்பிரமணியம் பேசுவார்’ என்று கூட்ட அறிவித்தல் இருந்தால் இரண்டு பேர். எம். சி. என்றால் மகாசபை, மொஸ்கோ சார்பு. கே. ஏ. என்றால் சீன சார்பு, 1978க்குப் பிறகு ‘இடது’. தோழர்கள் அவரை மணியம் என்பார்கள். 1989 நவம்பரில் காலமானார். ‘பொன்னம்பலம்’ என்றாலும் அப்படித்தான். வி. பொன்னம்பலம் கம்யூனிஸ்ட், ஜி. ஜி. பொன்னம்பலம் தமிழ்க் காங்கிரஸ். வி. பொ. 1975 பெப்ரவரி 6 காங்கேசன்துறை இடைத்தேர்தலில் செல்வநாயகத்தை எதிர்த்து நின்று 9,457 வாக்குப் பெற்றார். செல்வநாயகத்துக்கு 25,927. பின்னர் 1970களின் பிற்பகுதியில் கட்சியை விட்டு விலகிச் ‘செந்தமிழர் இயக்கம்’ தொடங்கினார். இங்கே செம்மை சிவப்பைக் குறிக்கும். தமிழ் இலக்கிய அமைப்பு என்று நினைத்து வேறு பெட்டியில் போட்டுவிடாதீர்கள்.

சுன்னாகம் சந்தி எழுதியது:

மேலே இருவரும் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் தாள்களின் உள்ளடக்கம் விளங்காது. தமிழர் பிரச்சினை பற்றி இந்தக் கட்சி சொன்னது காலத்துக்குக் காலம் மாறியது.

1944இல் கம்யூனிஸ்ட் கட்சி சிங்களவரும் தமிழரும் இரு தேசிய இனங்கள், தமிழருக்குச் சுயநிர்ணய உரிமை உண்டு என்று எழுதியது. தமிழரசுக் கட்சி எனப்படும் சமஷ்டிக் கட்சி பிறப்பதற்கு ஐந்து ஆண்டு முன். 1948 குடியுரிமைச் சட்டத்தையும் 1956 மொழிச் சட்டத்தையும் எதிர்த்தது. 1960களில் ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியோடு நெருங்க நெருங்க அந்தக் குரல் தணிந்தது. 1966 ஜனவரி 8 அன்று, அரச அலுவல்களில் தமிழைப் பயன்படுத்த இடமளித்த தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் ஒழுங்குவிதிகளுக்கு எதிராகக் கொழும்பில் நடந்த ஆர்ப்பாட்டத்தில் சமசமாஜிகளோடு மொஸ்கோ சார்பினரும் நின்றார்கள். பத்து ஆண்டுக்கு முன் பாராளுமன்றத்தில் மறுபக்கம் நின்ற கட்சி. 1972இல் பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்த அரசியலமைப்பு வந்தபோது அவர்கள் ஆளும் கூட்டணியில் இருந்தார்கள்.

இதைச் சொல்லி ‘அதனால்தான் வடக்கு சீன சார்புக்குப் போனது’ என்று பலர் எழுதுகிறார்கள். தேதி ஒத்துவராது. உடைவு 1963–64, அந்த ஆர்ப்பாட்டம் 1966. வடக்கில் ஊழியர்களில் பெரும்பகுதி சண்முகதாசனோடு போனதற்கு முதல் காரணம் கார்த்திகேசன் முதலிய உள்ளூர்த் தலைமை அந்தப் பக்கம் நின்றது. இரண்டாவது, பாராளுமன்றப் பாதை பற்றிய விவாதம். வடக்கில் ஆசனம் வெல்லும் வாய்ப்பே இல்லாத ஊழியருக்குத் தேர்தல் கூட்டணியால் என்ன பயன்? தெற்கில் 1963 ஓகஸ்ட் 12இல் ஐக்கிய இடதுசாரி முன்னணி அமைந்தபோது அந்தக் கேள்வி கூர்மையானது. மொழி விவகாரம் மொஸ்கோ சார்பை வடக்கில் பின்னர் தளர்த்தியது உண்மை. பிரித்தது அதுவல்ல.

சீன சார்பும் தமிழரசுக் கட்சியை ஏற்கவில்லை என்பதையும் மறக்கக்கூடாது. சமஷ்டிக்காரரை மேட்டுக்குடி, சாதிமான்களின் கட்சி என்று திட்டும் தாள்கள் இரண்டு பக்கமும் இருக்கும். ஆகவே ‘தமிழரசுக்கு எதிர்ப்பு’ ஒரு அடையாளமே அல்ல. பட்டியலில் அதை ஆதாரமாக எழுதவேண்டாம்.

1980களில் நிலைமை இன்னும் சிக்கல். சீன சார்பு மரபிலிருந்து வந்த விசுவானந்ததேவன் தமிழீழ தேசிய விடுதலை முன்னணியை அமைத்தார். 1986 ஒக்டோபரில் கடலில் காணாமற்போனார். ‘இடது’ பிரிவு தனிநாட்டை ஏற்கவில்லை, ஒன்றுபட்ட நாட்டுக்குள் சுயநிர்ணய உரிமையின் அடிப்படையில் தன்னாட்சி என்றது. புதிய ஜனநாயகக் கட்சி ஆனபின்னும் அதுவே நிலைப்பாடு. அந்தக் காலத் தாளில் ‘சுயநிர்ணய உரிமை’ என்ற சொல்லைக் கண்டவுடன் ஆயுத இயக்கம் ஒன்றின் பெட்டியில் போடாமல் தனிநாடு கேட்கிறதா என்று வாசித்துப் பாருங்கள்.

அச்சுக்கோப்பு எழுதியது:

வரலாறு வந்துவிட்டது. தாளில் ஆண்டு பிடிக்கும் வழி சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் கடைசிப் பக்கத்தின் அடிவரி. பழைய சட்டப்படி அச்சகத்தின் பெயரும் இடமும் போட்டாக வேண்டும். துண்டுப்பிரசுரத்திலும் மிகச் சிறிய எழுத்தில் இருக்கும், பெரும்பாலும் ஓரத்தோடு சேர்த்து. தாள் மடிந்தோ கிழிந்தோ போனால் முதலில் போவது இந்த வரிதான். படம் எடுக்கும்போது நான்கு ஓரமும் வெளியே தெரிய எடுங்கள், ஓரத்தை வெட்டிச் சீராக்கவே வேண்டாம். ஒரே அச்சகத்தில் ஒரே பிரிவு தொடர்ந்து அடித்திருந்தால், ஆண்டு தெரிந்த ஐந்தாறு உருப்படியை வைத்து மற்றவற்றை அணுகலாம். ஆனால் அச்சகத்தைத் தனி ஆதாரமாக எடுக்கக்கூடாது. காசு கொடுத்தால் எவருக்கும் அடித்துக் கொடுப்பதே அச்சகத் தொழில்.

இரண்டாவது, கிழமை. கூட்ட அறிவித்தலில் ஆண்டு போடமாட்டார்கள், தேதியும் கிழமையும் இருக்கும். மே 1 ஞாயிற்றுக்கிழமை என்றிருந்தால், கட்சி தொடங்கியதிலிருந்து 1983 வரை 1949, 1955, 1960, 1966, 1977, 1983 ஆகிய ஆறு ஆண்டுகளில் ஒன்றுதான். ‘தொழிலாளி வாசியுங்கள்’ என்ற வரியும் கூட இருந்தால் முதல் மூன்று கழியும். ஜே. ஆர். (ஜயவர்த்தன) அரசு என்று திட்டியிருந்தால் 1983 மட்டுமே மிஞ்சும், ஏனென்றால் 1977 ஜூலையில்தான் அந்த அரசு வந்தது.

மூன்றாவது, போயா. 1966 தொடக்கம் 1971 வரை இலங்கையில் வார விடுமுறை ஞாயிறு அல்ல, போயா நாள். பூரணை, அமாவாசை, இடையில் இரண்டு அட்டமி என்று மாதத்துக்கு நான்கு. அந்த ஆண்டுகளில் கூட்டம் வைப்பவர்கள் போயாவில்தான் வைத்தார்கள், சனம் வரவேண்டுமே. பூரணை அல்லாத ஒரு நாளைப் ‘போயா விடுமுறை’ என்று ஒரு தாள் சொன்னால் அந்த ஆறு ஆண்டுக்குள் அடைத்துவிடலாம். பூரணைப் போயா இன்றும் விடுமுறை. அது ஆதாரமாகாது.

நான்காவது, சொற்கள். ‘நவீன திரிபுவாதம்’ (சோவியத் தலைமையைச் சீனத் தரப்பு திட்டிய சொல்) பெரும்பாலும் 1963க்குப் பின். ‘மாஓ சேதுங் சிந்தனை’ என்ற தொடர் அட்டையில் வந்தால் பெரும்பாலும் 1966க்குப் பின், கலாசாரப் புரட்சி தொடங்கியபின். ‘நால்வர் கும்பல்’ (மாஓவின் மனைவி உட்படச் சீனாவில் கைதான நான்கு தலைவர்கள்) 1976 ஒக்டோபருக்குப் பின். ‘மூவுலகக் கோட்பாடு’ (உலக நாடுகளை மூன்றாகப் பிரித்த சீனக் கொள்கை) பற்றிய சண்டை 1977–79. ‘ஐக்கிய முன்னணி அரசு’ என்று ஆதரவாக எழுதியிருந்தால் 1970–77, மொஸ்கோ சார்பு.

எழுத்து வடிவத்தை நம்பவேண்டாம். பழைய கொம்பு ‘லை’, ‘ணை’ இருக்கிறது, ஆகவே 1978க்கு முந்தியது என்று சிலர் போடுகிறார்கள். அந்த ஆண்டு ஆணை தமிழ்நாட்டில் வந்தது. யாழ்ப்பாணத்து அச்சகங்களில் ஈய எழுத்துப் பெட்டி தேயும்வரை பழைய அச்சே ஓடியது. 1980களிலும் காணலாம்.

இந்தியத் தாள்கள் கலந்திருக்கக்கூடும், அதையும் பாருங்கள். ‘ஜனசக்தி’ என்ற தமிழ் ஏடு சென்னையில் 1937இல் தொடங்கியது, இந்தியக் கட்சியுடையது. ‘தேசாபிமானி’ என்ற பெயரில் கேரளத்தில் மலையாள நாளேடு உண்டு. பழைய பட்டியலில் பெயர் மட்டும் எழுதியிருந்தால் தாளையே எடுத்துப் பாருங்கள்.

துருப்பிடித்த கம்பியை முன்பக்கத்திலிருந்து இழுக்கவேண்டாம், தாளோடு வரும். பின்பக்கம் மடிந்திருக்கும் இரண்டு கால்களையும் மெல்லிய தகட்டால் நிமிர்த்தி, பிறகு முதுகுப் பக்கமாக மெதுவாகத் தள்ளுங்கள். செலோடேப் வேண்டாம். லமினேற் செய்வது கூடவே கூடாது, பத்திரிகைத் தாள் உள்ளேயே மஞ்சளாகி நொறுங்கும், திரும்ப எடுக்க முடியாது. மடிப்பை ஒரே நாளில் விரிக்காமல் மழைக்கால ஈரப்பதத்தில் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டுப் பிறகு விரியுங்கள். நிறம் மாறிய தாளை வெள்ளைத் தாளோடு ஒட்டி அடுக்கினால் கறை மற்றதற்கும் ஏறும், இடையில் அமிலமில்லாத தாள் வையுங்கள். குறிப்பு எழுத மென் பென்சில் மட்டும், அதுவும் உறையில்.

ஓலைப்பெட்டி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பத்திரிகைப் பெயரை வைத்தே 60க்கு மேல் பிரிந்துவிட்டன. ஒன்று மட்டும் இழுக்கிறது. ஒற்றைத் தாள், இரு பக்கமும் அச்சு. தலையில் ‘சாதி அமைப்புத் தகரட்டும்’. கீழே ‘பொதுக்கூட்டம், போயா தினம், மாலை 4 மணி’. இடது மூலை கிழிந்து, ‘க் குழு’ என்ற எழுத்துகள் மட்டும் மிச்சம். ‘தொழிலாளி’ விளம்பரம் உண்டு. வெகுஜன இயக்கத்தின் பெயர் எங்கும் இல்லை. கோயில் பெயரும் இல்லை. 1966 ஒக்டோபர் ஊர்வலத்துக்கே அடித்த தாள் என்று போடலாமா?

வல்லைவெளி எழுதியது:

போடவேண்டாம். ஊர்வலத்துக்கான தாள் என்றால் சுன்னாகம், முற்றவெளி இரண்டில் ஒன்றாவது இருக்கவேண்டும், நாளும் வெள்ளிக்கிழமையாக இருக்கவேண்டும். நீங்கள் சொல்வதில் இரண்டும் இல்லை. இயக்கத்தின் பெயர் இல்லை என்பதால் 1967க்கு முந்தியது என்றும் எடுக்க முடியாது. இயக்கம் வந்தபிறகும் கட்சி தன் பெயரில் தனியாகத் தாள் அடித்தது.

அச்சுக்கோப்பு எழுதியது:

சொல்லக்கூடியது இவ்வளவுதான்: சீன சார்பு, 1966 ஒக்டோபருக்குப் பின். போயா பூரணை அல்லாததென்றால் 1971க்குப் பிந்தாது. போயா பூரணையா அல்லவா என்று தேதியை வைத்துப் பாருங்கள். தேதி இருந்தால் நிலாக் கணக்கோடு ஒத்துப் பார்த்து ஆண்டையே பிடித்துவிடலாம். ஒவ்வோராண்டும் ஒரே தேதியில் போயா வராது, ஆறு ஆண்டில் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் பொருந்தும்.

பட்டியலில் வெளியீட்டாளர் இடத்தில் தாளில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்: ‘[கிழிந்தது] க் குழு’. அடுத்த பத்தியில் ‘இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி, சீன சார்பு, 1964–’ என்று நீங்கள் தீர்மானித்த தலைப்பு. அதற்குக் கீழே காரணம்: தொழிலாளி விளம்பரம், முழக்கம், போயா. தாளில் உள்ளது, தலைப்பு, காரணம் மூன்றையும் ஒரே கட்டத்தில் கலக்காதீர்கள். நாளைக்கு வேறொரு வீட்டிலிருந்து அதே தாளின் கிழியாத பிரதி வந்தால், திருத்தவேண்டியது இரண்டாவது பத்தியை மட்டுமே. கிழிந்த மூலையைத் தனியாக, அளவுகோல் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்து வையுங்கள். எழுத்தின் பருமனும் வரி இடைவெளியும் உங்கள் கட்டிலேயே இருக்கும் வேறொரு தாளோடு பொருந்தக்கூடும்.

ஓலைப்பெட்டி எழுதியது:

தேதி இருக்கிறது, மாதத்தின் பெயர் பாதி அழிந்திருக்கிறது. ‘பர்’ என்று முடிகிறது. செப்டம்பர், ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் நான்கையும் நிலாக் கணக்கோடு பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.